கேட் திறந்திருக்கிறதா? மலையுச்சி ஹாம் ரேடியோவும் தேதி போடாத வழிக்குறிப்புகளும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு குன்றுக்கு ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நானும் நண்பரும் போனோம். முதுகுப் பையில் ஐந்து வாட் ரேடியோ, லித்தியம் பேட்டரி, மடக்கி நீட்டும் ஃபைபர் கம்பம், சுருட்டிய வயர் ஆண்டெனா. முன்னால் போய்வந்த ஒரு ஹாம் (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்) எழுதிவைத்த குறிப்பும் கையில் இருந்தது. “எஸ்டேட் கேட் வழியாகப் போகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அரை மணி நேர நடை.” கேட்டில் இரண்டு பூட்டுகள் தொங்கின. ஒன்று துருவேறிய பழைய திண்டுக்கல் பூட்டு. இன்னொன்று புதுச் சங்கிலியில் பளபளப்பாக இருந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து ஸ்வெட்டரும் மஃப்ளருமாக வாட்ச்மேன் வந்தார்.

“யாருங்க சொன்னது உள்ள விடுவாங்கன்னு? மேனேஜர் மாறி ரெண்டு வருசமாச்சுங்க. யாரோ மேல போய்த் தீ மூட்டி டீ போட்டுட்டுப் போயிட்டாங்க. அதுலருந்து யாரையும் விடறதில்லீங்க.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பத்தைப் பார்த்து, “மீன் பிடிக்கவா?” என்றுகூடக் கேட்டார். நாங்கள் திரும்பிவிட்டோம். வீட்டுக்கு வந்து குறிப்பை எழுதியவரிடம் கேட்டபோதுதான் அவர் அங்கே போய் நான்கு வருடம் ஆகியிருந்தது தெரிந்தது. அவர் பொய் எழுதவில்லை. அவர் போன அன்று அத்தனையும் உண்மைதான். தேதி மட்டும் போடவில்லை.

இந்த ஒரு விடுபடல் எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஏனென்றால் ஹாம்கள் தேதி போடாத ஆட்கள் இல்லை. யாரோடு பேசினோம், எந்த அலைவரிசை, எத்தனை மணி எத்தனை நிமிடம், சிக்னல் எப்படி இருந்தது என்று ஒவ்வொரு தொடர்பையும் லாக் என்ற பதிவேட்டில் பதிகிறவர்கள். இருபது வருடம் முன்பு ஓர் இரவு நாற்பது மீட்டர் பேண்டில் பேசியவரின் கால் சைனை, அதாவது அவரது நிலைய அடையாளக் குறியை,கூட எடுத்துக் காட்டுவார்கள். அதே ஆள் ஏறி இறங்கிய பாதையைப் பற்றி எழுதும்போது மட்டும் “ரோடு நல்லா இருக்கு” என்பதோடு நிறுத்திவிடுகிறார். வழிக்கும் ஒரு லாக் வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. நீலகிரி, பழனி மலைகளில் அது ஏன் இவ்வளவு அவசியம் என்பதற்குக் கொஞ்சம் பின்னணி தேவை.

முதலில், ரேடியோவைத் தூக்கிக்கொண்டு எதற்காக மலை ஏற வேண்டும்? தென் மாவட்டக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கோடை பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் மதுரையிலும் தேனியிலும் திண்டுக்கல்லிலும், அதைத் தாண்டியும் டீக்கடைகளில் பாடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதன் கோபுரம் கொடைக்கானல் மலைமேல் நிற்பதுதான். இந்த அலைகள் பெரும்பாலும் கண்பார்வை போல நேர்கோட்டில் போகும். உயரம் கூடினால் அடிவானம் தள்ளிப்போகும். ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று தோராயமாகக் கிடைக்கும். தொட்டபெட்டா கடல்மட்டத்திலிருந்து 2637 மீட்டர். கோவைச் சமவெளியிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய 2200 மீட்டர் மேலே இருக்கிறது. கணக்குப் போட்டால் 190 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. நடுவில் வேறு மலை மறைக்காத திசையில், கையடக்க ரேடியோவில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையான இரண்டு மீட்டர் பேண்டில், வீட்டு மாடியிலிருந்து பக்கத்து ஊரைத் தாண்டாத குரல் பல மாவட்டங்களைத் தாண்டிவிடும். குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், செல்போன் கோபுரம் வேண்டாம்.

இதையே ஒரு விளையாட்டாக ஒழுங்குபடுத்தியது ‘சம்மிட்ஸ் ஆன் தி ஏர்’, சுருக்கமாக ‘சோட்டா’. 2002 மார்ச் 2-ஆம் தேதி பிரிட்டனில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. அதன் விதிகள் எளிமையானவை, யோசித்து எழுதப்பட்டவை. சிகரத்தில் நின்று குறைந்தது நான்கு பேருடன் தொடர்பு கொண்டால் புள்ளி கிடைக்கும். வண்டியில் உட்கார்ந்தபடி பேசக் கூடாது. கருவிகளை நாமே சுமக்க வேண்டும். பேட்டரி, சோலார் பலகை சரி, ஜெனரேட்டர் கூடாது. தரையில் இருக்கும் ரிப்பீட்டர் வழியாகப் பேசியது கணக்கில் வராது. அந்தந்த இடத்தின் சட்டப்படி நுழைய உரிமையோ அனுமதியோ இருக்க வேண்டும்.

நம் மலைகளுக்கு மிகவும் உதவக்கூடிய விதி ஒன்று உண்டு. உச்சியின் நுனியிலேயே நிற்க வேண்டியதில்லை. உச்சியிலிருந்து செங்குத்தாக 25 மீட்டருக்குள், இடையில் பள்ளத்தில் இறங்கி ஏறாமல் இருக்கும் எந்த இடமும் உச்சியாகவே கணக்கு. தொட்டபெட்டாவில் என்றால் 2612 மீட்டருக்கு மேல் எங்கு நின்றாலும் போதும். இந்த மாதிரித் திட்டத்துக்குப் பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும் இது நல்ல பழக்கம். நம் மலையுச்சிகளில் பெரும்பாலும் ஏற்கெனவே யாரோ இருக்கிறார்கள். கோயில், டவர், போலீஸ் வயர்லெஸ் நிலையம், பார்வைக் கோபுரம், சுற்றுலாக் கூட்டம். பக்கத்தில் சக்திவாய்ந்த ஒலிபரப்பி இருந்தால் நம் ரிசீவரும் திணறும். சற்றுக் கீழே ஒரு தோளில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் வயரைக் கட்டிக்கொள்ள முடிகிறதா, அந்த நிலம் யாருடையது என்பதுதான் போகிறவருக்கு வேண்டிய தகவல். “மேலே இடம் இருக்கிறது” என்று எழுதினால் போதாது. “கோயிலுக்கு மேற்கே, படிக்கட்டு முடியும் இடத்துக்கு முன்னால் இருக்கும் பாறை” என்று எழுத வேண்டும்.

சரி, தகவல் ஏன் இவ்வளவு சீக்கிரம் பழசாகிறது? நீலகிரியில் ஒரு மலை என்பது ஒரே நிலம் இல்லை. அடிவாரத்தில் படகர் ஊரான ஹட்டி, அதற்கு மேல் எஸ்டேட், அதற்கு மேல் சோலையும் புல்வெளியுமாகக் காப்புக்காடு, நடுவே தோடர்களின் குடியிருப்பான மந்து, ஒரு மூலையில் ராணுவ நிலம். காலையில் இரண்டு மணி நேரம் நடந்தால் நான்கு பேருடைய நிலத்தை மிதித்திருப்போம். நான்கு பேருக்கும் நான்கு விதி, அவையும் தனித்தனியாக மாறும். முக்குருத்தி சிகரம் 2554 மீட்டர், ஹாம் கண்ணுக்கு ஆசையான உயரம். ஆனால் அது 1990 முதல் தேசியப் பூங்கா, வரையாடுகளின் வீடு, தோடர்களுக்குப் புனித மலை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள்ளும் தேசியப் பூங்காவுக்குள்ளும் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைவதே குற்றம். பழனி மலையில் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பு யாரோ நடந்து போன கதையை இப்போது வழிகாட்டியாக எடுத்துக்கொள்ள முடியாது. கொடைக்கானலிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் பழைய சாலை பல வரைபடங்களில் இன்னும் கோடாக ஓடுகிறது. காட்டில் அது மூடப்பட்டு நெடுங்காலமாகிறது. பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறையின் அனுமதி வேண்டும், யானை நிற்கும் நாளில் அதுவும் கிடைக்காது.

2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தேனி மாவட்டத்தில் நடந்தது என்றாலும் தமிழ்நாட்டு மலைப்பாதைகள் எல்லாவற்றின் கதையையும் அது மாற்றியது. அந்த ஆண்டே வனப்பகுதி மலையேற்றத்துக்கென்று மாநில அரசு தனி விதிமுறைகள் கொண்டுவந்தது. அப்புறம் 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 40 பாதைகளோடு தொடங்கியது. கேர்ன் ஹில், லாங்வுட் சோலை, கூடலூர் ஊசிமலை, அவலாஞ்சியிலிருந்து கோலரிபெட்டா, கொடைக்கானல் பக்கம் வட்டக்கானல் முதல் வெள்ளகவி வரை என்று ஆன்லைனில் பதிவு செய்து, உள்ளூர் வழிகாட்டியுடன் நடக்கலாம். ஹாம்களுக்கு இது பெரிய வாசல் என்றே நினைக்கிறேன். ஆனால் தீக்காலத்தில், பிப்ரவரி நடுவிலிருந்து இந்தப் பாதைகள் மூடப்படும். 2018-க்கு முன் எழுதிய “ஃபாரஸ்ட் கார்டிடம் சொல்லிவிட்டுப் போகலாம்” என்ற குறிப்பு இன்று ஒருவரை வழக்கில் மாட்டிவிடக்கூடும். அந்தக் கார்டின் வேலைக்கும் ஆபத்து.

மலைக்கு ஏறும் முன்பே தொடங்கும் கட்டுப்பாடுகளும் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் வண்டிக்கு இ-பாஸ் வந்தது. அதை முன்கூட்டியே கீழேயே டவுன்லோட் செய்துகொள்வது நல்லது, செக்போஸ்ட்டில் நெட் கிடைக்கும் என்று நம்ப முடியாது. 2025 ஏப்ரலில் கோடைக்காலத்துக்கு வாகன எண்ணிக்கையே வரையறுக்கப்பட்டது. நீலகிரிக்கு வார நாளில் 6000, வார இறுதியில் 8000. கொடைக்கானலுக்கு 4000, 6000. அரசுப் பேருந்தில் போகிறவருக்கு இ-பாஸ் வேண்டாம். இந்த ஒரு வரியை வழிக்குறிப்பில் சேர்த்தாலே எத்தனையோ கல்லூரி மாணவர்களுக்குப் பயண நாள் மிச்சமாகும். மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். விபத்துகளுக்குப் பிறகு வெளியூர் வண்டிகள் அதில் இறங்கக் கட்டுப்பாடு வந்தது. போன் மேப் அதைக் குறுக்குவழி என்று காட்டினால் நம்பி இறங்கக் கூடாது. பந்திப்பூர் வழியாக மைசூரிலிருந்து வருகிறவருக்கு இரவு 9 முதல் காலை 6 வரை சாலை அடைப்பு. தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுபோனால் நீலகிரி எல்லையிலேயே எடுத்துவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டிலை மறக்காதீர்கள்.

மழையைப் பற்றி எழுதும்போதுதான் குறிப்புகள் அதிகம் ஏமாற்றுகின்றன. “மழைக்காலத்தில் போக வேண்டாம்” என்று எழுதியிருக்கும். எந்த மழை? மேற்கே அவலாஞ்சி, கூடலூர், அப்பர் பவானிப் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை கொட்டும். 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதிக் கணக்கில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. அதே ஆகஸ்டில் கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளில் குடையோடு நடந்துவிடலாம். அங்கே பயப்பட வேண்டிய மாதம் நவம்பர். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்து, மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் பழனி மலை வரை வந்து மரங்களைச் சாய்த்தது. ஒரே நீலகிரி மாவட்டத்தின் இரண்டு பக்கங்களுக்கு இரண்டு மழைக்காலம். ஆகையால் “மழைக்காலம்” என்று எழுதாமல் மாதத்தின் பெயரை எழுதுங்கள். ஏப்ரல், மே மதியங்களில் இடி இறங்கும். உச்சியில் கம்பம் நட்டு நிற்கிறவருக்கு அது சாதாரண விஷயம் இல்லை. காலையிலேயே பேசி முடித்து இறங்கிவிட வேண்டும் என்பதையும் அந்தக் குறிப்பு சொல்ல வேண்டும்.

நேரத்திலும் ஒரு குழப்பம் உண்டு. லாகில் நாம் உலகப் பொது நேரத்தை எழுதுவோம், நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். காலை 9 மணி என்பது அதில் 3.30. அதே கையோடு எழுதும் வழிக்குறிப்பிலும் “3.30-க்குக் கேட் திறந்தது” என்று வந்துவிட்டால், படிக்கிறவர் மதியம் மூன்றரைக்கு வந்து நிற்பார். அந்த நேரத்துக்கு மேல் தேயிலைக் காட்டில் காட்டெருமையும் கரடியும் நடமாடத் தொடங்கியிருக்கும். பாதைக்கு இந்திய நேரம்தான்.

இடப்பெயரும் அப்படியே. பழைய சர்வே வரைபடத்தில் வெள்ளைக்காரர் வைத்த பெயர், படகர் வாயில் ஒரு பெயர், பஸ்ஸில் டிக்கெட் கேட்க இன்னொரு பெயர். மூன்றையும் எழுதினால் நல்லது, ஒன்றுதான் முடியும் என்றால் பஸ் ஸ்டாப்பின் பெயரை எழுதுங்கள். வழி கேட்கிறவர் கண்டக்டரிடம்தான் கேட்பார்.

ஹாம்களுக்கு ‘ஐந்து ஒன்பது’ என்றால் என்னவென்று தெரியும். குரல் தெளிவு ஐந்து, சிக்னல் வலிமை ஒன்பது, முழு மதிப்பெண். போட்டிகளில் சத்தமே சரியாகக் கேட்காதவருக்கும் பழக்கத்தில் ‘ஐந்து ஒன்பது’ கொடுத்துவிட்டு நகர்வோம். அதனால் யாருக்கும் காயமில்லை. மலைப்பாதைக்கு அப்படி மரியாதைக்காக மதிப்பெண் போடக் கூடாது. கண்ணால் பார்த்தது வேறு, கேள்விப்பட்டது வேறு. “கேட் பூட்டியிருந்தது, நான் பார்த்தேன்” என்பதற்கும் “பூட்டுவார்களாம், டீக்கடையில் சொன்னார்கள்” என்பதற்கும் இருக்கும் வித்தியாசம் குறிப்பிலேயே தெரிய வேண்டும். திரும்பி வந்த பயணத்தையும் எழுத வேண்டும். ஏறி வெற்றிகரமாகப் பேசியதை எல்லோரும் எழுதுகிறோம், கேட்டோடு திரும்பியதை யாரும் எழுதுவதில்லை. எனக்கு மிகவும் உதவியவை அந்த மாதிரித் தோல்விக் குறிப்புகள்தான்.

எழுதாமல் விட வேண்டியவையும் உண்டு. இது மலைக்கு மலை மாறும், ஆனால் என் கட்சி இது. எஸ்டேட் மேனேஜர் ஒருவர் நம்மைத் தெரிந்ததால் ஒரு நாள் விட்டார் என்றால் அது நமக்குக் கிடைத்த தயவு, ஊருக்குத் திறந்த வழி கிடையாது. “எஸ்டேட் நிலம், ஆபீஸில் எழுதிக் கேட்க வேண்டும்” என்பது வரை எழுதலாம். அவர் பெயரையும் போன் நம்பரையும் எழுதக் கூடாது. காப்புக்காட்டுக்குள் போகும் ஜிபிஎஸ் தடத்தைப் பகிரவே கூடாது. தடம் ஒருமுறை வெளியே போனால் அழியாது. அனுமதி ரத்தான பிறகும் பத்துப் பேர் அதைப் பிடித்துக்கொண்டு சோலைக்குள் நடப்பார்கள். மந்துக்கு அருகில் போகும் வழியையும் மந்துக்காரர்களைக் கேட்காமல் எழுத வேண்டாம். ஊட்டிக்கு அருகே முத்தோரையில், சரிவில் வடக்குத் தெற்காக 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது ரேடியோ தொலைநோக்கி. அது 1970 முதல் 326.5 மெகாஹெர்ட்ஸில் வானத்தின் மிக மெல்லிய சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றிய குன்றுகளில் நின்று நாம் கத்த வேண்டாம். குறிப்பில் அந்தக் குன்றுகளின் பெயருக்கு எதிரே “இங்கிருந்து ரேடியோவில் அழைக்காதீர்கள்” என்று எழுதுவதும் பயனுள்ள தகவல்தான்.

இன்னொன்று ரேடியோ வைத்திருப்பவருக்கு மட்டும் வரும் சங்கடம். ஆண்டெனா நீட்டிய கையடக்க ரேடியோவைப் பார்த்ததும் வாட்சருக்குச் சந்தேகம் வரும், வரவும் வேண்டும். “போலீஸ் வாக்கி டாக்கியா சார்?” என்பார். உரிமத்தின் நகல் கையில் இருக்கட்டும். உரிமத்தில் நிலையத்தின் முகவரி எழுதியிருக்கும், வெளியிடத்திலிருந்து பேச அதன் நிபந்தனைகளை முன்பே படித்துவைத்துக்கொள்ளுங்கள். நான் தமிழில் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்: ஹாம் ரேடியோ என்றால் என்ன, பரீட்சை எழுதி அரசிடம் உரிமம் வாங்கியிருக்கிறோம், மரத்தில் ஆணி அடிக்க மாட்டோம், தீ மூட்ட மாட்டோம், இத்தனை மணிக்கு இறங்கிவிடுவோம். அதைப் படித்துவிட்டு ஒரு வாட்சர் தன் மகனுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த மலையில் எங்களை அடுத்த முறை நிறுத்தியவர்கள் டீ கொடுக்கத்தான் நிறுத்தினார்கள்.

பொழுதுபோக்குக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். 2004 சுனாமியின்போது அந்தமானிலிருந்து தகவல் வெளியே வர ஹாம்கள் உதவினார்கள். 2009 நவம்பர் மாதிரி ஓர் இரவில் குன்னூர் ரோடும் கோத்தகிரி ரோடும் சரிந்து, டவர்கள் படுத்துவிட்டால், சமவெளியோடு பேச ஒரு மேடு தேவைப்படும். எந்த மேட்டுக்கு இருட்டில், மழையில், யாருடைய அனுமதியோடு, எந்தப் பக்கமாக ஏறலாம் என்ற தகவலை அன்றைக்கு உட்கார்ந்து தேட முடியாது. போன மாதம் யாரோ ஏறிப்பார்த்து எழுதியது இருந்தால்தான் உண்டு.

நாங்கள் எங்கள் குழுவில் இப்போது ஒரு சாதாரண நோட்டில் எழுதுகிறோம், யார் போய்வந்தாலும் அதன் படத்தை மற்றவர்களுக்கு அனுப்பிவிடுகிறோம். பழைய வரியை யாரும் அடிப்பதில்லை, அதன் கீழே புது வரி சேர்ப்போம். எந்த வரிக்கும் ஒரு வயது தெரிய வேண்டும் என்பதற்காக. ஒரு வருடத்துக்கு மேல் புது வரி இல்லாத மலைக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டுவிடுவோம். அடுத்து அந்தப் பக்கம் போகிறவர் உச்சிக்கு ஏறாவிட்டாலும் கேட் வரை போய்ப் பார்த்துவிட்டு வருவார். அந்தக் கோத்தகிரிக் குன்றுக்கு நான் எழுதிய வரி இப்படி இருக்கிறது: “ஜனவரி, ஞாயிறு, காலை 8.10. கேட்டில் இரண்டு பூட்டு, பார்த்தேன். மேனேஜர் மாறிவிட்டார், வாட்ச்மேன் சொன்னார். முன்பு யாரோ தீ மூட்டியதால் தடை. ஆபீஸில் எழுதிக் கேட்க வேண்டும். உள்ளே போகவில்லை.”

எழுதிக் கேட்டோம். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது: ஞாயிறு மட்டும், நான்கு பேர் வரை, அடுப்பு கூடாது, மதியம் இரண்டு மணிக்குள் இறங்க வேண்டும், நுழையும்போது ரிஜிஸ்டரில் கையெழுத்து. அதைக் கீழே எழுதினோம். அதற்கும் கீழே போன வாரம் இளைய உறுப்பினர் ஒருவர் பென்சிலில் சேர்த்திருக்கிறார்: “பாதையில் சில்வர் ஓக் ஒன்று விழுந்து கிடக்கிறது. இடது பக்கமாகக் குனிந்து போகலாம். கம்பம் இடிக்கும், மடக்கிக்கொள்ளவும்.”